கண்ணுக்கு எட்டாத திமிங்கிலத்துக்கு 200 கெஜ வட்டம் எதற்கு?

அமெரிக்கத் தேசியக் கடல் மீன்வளச் சேவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

ஹவாய், தென் கலிபோர்னியக் கடற்பரப்புகளில் அமெரிக்கக் கடற்படை நடத்தும் சோனார் (நீருக்குள் ஒலி எழுப்பி நீர்மூழ்கியைத் தேடும் கருவி) பயிற்சிகளுக்குக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி தருவது உங்கள் அலுவலகம்தான். 2018இல் நீங்கள் வெளியிட்ட விதியில் கப்பல் சோனாருக்கான அன்றாடக் காப்பு ஏற்பாடு இது: மேல்தளத்தில் காவலர் நின்று கடலைப் பார்ப்பார். 1,000 கெஜத்துக்குள் திமிங்கிலம் தென்பட்டால் சோனாரின் வலு 6 டெசிபெல் குறைக்கப்படும். 500 கெஜத்துக்குள் என்றால் மொத்தம் 10 டெசிபெல். 200 கெஜத்துக்குள் வந்துவிட்டால் நிறுத்தம். விலங்கு விலகிப் போனது தெரிந்தாலோ, 30 நிமிடம் மறுபடி தென்படாவிட்டாலோ பழைய வலுவுக்குத் திரும்பலாம்.

கடலடி ஒலியியலிலும் கடல் பாலூட்டி ஆய்விலும் பழக்கமுள்ளவர்கள் என்ற முறையில் கேட்கிறோம்: இந்த ஏற்பாடு எந்த விலங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது? சோனார் பயிற்சியை ஒட்டிக் கரையொதுங்கிச் செத்தவை என்று உலகெங்கும் திரும்பத் திரும்பப் பதிவானவை அலகுத் திமிங்கிலங்கள். அவற்றில் கூவியர் அலகுத் திமிங்கிலம் 2,992 மீட்டர் ஆழம்வரை போனது பதிவாகியிருக்கிறது. 222 நிமிடம் மூச்சடக்கியதும் பதிவாகியிருக்கிறது. இரை தேடும் சாதாரண முங்கலே ஏறத்தாழ ஒரு மணி நேரம். மேலே வந்தால் சில நிமிடங்கள், அதுவும் உயரமான நீர்த்தாரை இல்லாமல், கூட்டமாகத் துள்ளாமல். காவலர் 30 நிமிடம் பார்த்துவிட்டு "போய்விட்டது" என்று முடிவு கட்டும்போது, விலங்கு கப்பலுக்கு அடியில் பாதி முங்கலில் இருக்கும். கப்பலின் நேர்பாதையிலேயே இருந்தாலும் நூற்றில் 2 அலகுத் திமிங்கிலங்கள்கூடக் கண்ணில் படாது என்று 2006இலேயே துறை வல்லுநர்கள் கணித்துச் சொல்லிவிட்டார்கள். இரவு, மூடுபனி, வெண்ணுரை பறக்கும் கடல் என்றால் அதுவும் இல்லை.

அடுத்தது ஒலிக் கணக்கு. போர்க்கப்பலின் அடிமுகப்பில் உள்ள 53சி வகை சோனார் 1 மீட்டர் தொலைவில் 235 டெசிபெல். அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. (இது நீருக்குரிய அளவு. காற்றில் நாம் சொல்லும் டெசிபெலோடு ஒப்பிட ஏறக்குறைய 62ஐக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ராக்கெட்டோடு ஒப்பிடும் செய்திகள் யாருக்கும் உதவுவதில்லை.) ஒலி எல்லாத் திசையிலும் சீராகப் பரவுகிறது என்று கொண்டால் 200 கெஜத்தில் 190 டெசிபெல், 1 கிலோமீட்டரில் 175, நீர் உறிஞ்சுவதையும் கழித்தால் 10 கிலோமீட்டரில் 153 அளவு. 100 கிலோமீட்டரிலும் 115 அளவுக்கு மிஞ்சும். தென் கலிபோர்னியாவில் உடலில் கருவி பொருத்திய கூவியர் திமிங்கிலங்கள் 89 முதல் 127 டெசிபெல் ஒலிக்கே இரை தேடுவதை விட்டு, குரலடக்கி, வேகமாக விலகி ஓடின. பகாமாஸ் ஆழ்கடல் பயிற்சித் தளத்தில் பிளெய்ன்வில் அலகுத் திமிங்கிலங்கள் 140 டெசிபெல் அளவிலேயே இரை தேடலை நிறுத்தின. 200 கெஜ வட்டம் காப்பது செவிப்புலன் சேதத்திலிருந்து மட்டுமே. அலகுத் திமிங்கிலத்தைக் கொல்வது பெரும்பாலும் அதுவன்று; மிரண்டு முங்கும் விதம் மாறி உடலுக்குள் வாயுக் குமிழிகள் தோன்றுவதே என்று கருதப்படுகிறது.

6 டெசிபெல் குறைப்பும் அப்படித்தான். ஒலி அழுத்தம் பாதியாகும், விலங்கு கலையும் வட்டத்தின் ஆரமும் ஏறத்தாழப் பாதியாகும். நீர் உறிஞ்சுவதை விட்டுவிட்டால் 40 கிலோமீட்டர் 20 ஆகும், அவ்வளவே. அதுவும் விலங்கு கண்ணில் பட்டால்தான்.

ஒலியின் அளவு மட்டுமே எல்லாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதே கலிபோர்னிய ஆய்வில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்த உண்மையான பயிற்சியின் ஒலி ஏறத்தாழ அதே அளவில் வந்தபோது திமிங்கிலம் கலையவில்லை. இத்தகைய முடிவுகளை வைத்து 2018 கணக்கீட்டில் தொலைவுக்கு எல்லை வைத்தீர்கள்: அலகுத் திமிங்கிலத்துக்குப் பல கப்பல் பயிற்சியில் 50 கிலோமீட்டர், ஒற்றைக் கப்பல் பயிற்சியில் 25. அதற்கு அப்பால் எந்த அலகுத் திமிங்கிலமும் 'தொந்தரவுக்குள்ளானது' எனக் கணக்கில் ஏறவில்லை. ஆனால் 2019இல் வெளியான, நார்வேயின் யான் மாயென் தீவு ஆய்வில், சோனார் பழக்கமே இல்லாத வடக்குப் புட்டிமூக்குத் திமிங்கிலங்கள் (இவையும் அலகுத் திமிங்கில இனமே) 28 கிலோமீட்டரில் இருந்த மூலத்துக்கும் அருகில் இருந்ததற்கும் ஒரே மாதிரி மிரண்டன. 25 என்ற எல்லை அங்கேயே உடைகிறது. அதை நீக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கும் சோனாரின் வலு கப்பல் சோனாரைவிட வெகு குறைவு. ஆனாலும் சான் கிளெமென்டே தீவை ஒட்டிய பயிற்சித் தளத்தில், ஒரே தொலைவில் ஒப்பிட்டால் அதற்குத்தான் கூவியர் திமிங்கிலங்கள் அதிகம் மிரண்டன. கப்பல் மணிக்கணக்கில் நெருங்கி வருவது நீருக்குள் முன்கூட்டியே கேட்கும். இது முன்னறிவிப்பின்றித் தலைக்கு மேல் ஒலிக்கிறது. 2018 விதியில் ஹவாய்த் தீவுப் பகுதியில் கப்பல் சோனாருக்கு ஆண்டுக்கு 300 மணி, இறக்கு சோனாருக்கு 20 மணி என்று நீங்களே தனித்தனி உச்சவரம்பு வைத்தீர்கள். சான் டியேகோவை ஒட்டியது உள்ளிட்ட சில தென் கலிபோர்னியப் பகுதிகளில் நீலத் திமிங்கிலத்துக்காக ஜூன் முதல் அக்டோபர்வரை கப்பல் சோனாருக்கு மொத்தம் 200 மணி. ஆக, இடத்தையும் காலத்தையும் கட்டுப்படுத்துவது கடற்படைக்கு முடியாத காரியமன்று. அலகுத் திமிங்கிலம் ஆண்டு முழுதும் தங்கும் சான் நிக்கலஸ் படுகையிலும் (சான் கிளெமென்டேயை ஒட்டியது) இவ்விரு சோனார் வகைக்கும் தனித்தனி வரம்பு வையுங்கள்.

வரம்பு மட்டும் போதாது, இடைவெளியும் வேண்டும். பகாமாஸ் தளத்தில் பயிற்சி முடிந்து திமிங்கிலங்கள் திரும்ப 2 முதல் 3 நாள் பிடித்தது. இது கடலடியில் பதித்த நீரொலிவாங்கிகளால் தெரிய வந்தது. அலகுத் திமிங்கிலம் மேற்பரப்பில் ஊமை. சில நூறு மீட்டர் இறங்கிய பிறகே கிளிக் ஒலி எழுப்பும். கண்ணால் பார்க்க முடியாத நேரத்தில்தான் காதால் கேட்க முடியும் என்பது நமக்கு வாய்ப்பான முரண். சான் கிளெமென்டேயிலும் ஹவாயின் கவாய்த் தீவிலும் உள்ள தளங்களிலும் இதே வகை ஒலிவாங்கிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பயிற்சிக்கு முன் 24 மணி நேரம் கேட்டு, இரை தேடும் முங்கல்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்தபின் அந்த எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்பும்வரை, குறைந்தது 3 நாள், அதே படுகையில் அடுத்த பயிற்சி கூடாது. ஆழத்தில் விட்ட ஒவ்வொரு வேளை இரையும் குட்டி ஈனும் திறனைத் தின்னும். பகாமாஸ் தளத்தில் தாய்களுக்குக் குட்டி விகிதம், அருகிலுள்ள அபாகோ பகுதியைவிடக் குறைவு என்று ஏற்கெனவே பதிவாகியுள்ளது.

2000 மார்ச்சில் பகாமாஸில் 17 விலங்குகள் கரையொதுங்கின; 14 அலகுத் திமிங்கிலங்கள். உங்கள் துறையும் கடற்படையும் சேர்ந்து 2001 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, கப்பல் சோனாரே காரணமாக இருக்கக்கூடும் என ஒப்புக்கொண்டு, கூடிவந்த சூழலையும் பட்டியலிட்டது: குறுகிய நீர்வழி, செங்குத்தான கடலடி, பல சோனார் நெடுநேரம் ஒலித்தது, மேற்பரப்பு ஒலிக்குழாய். கடைசியது முக்கியம். காற்று கலக்கி மேல்நீரின் வெப்பம் ஒரே சீராகிவிட்டால், ஆழம் கூடக்கூட அழுத்தத்தால் ஒலிவேகம் ஏறும். கதிர்கள் மேல்நோக்கி வளைந்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பி, அந்த அடுக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பரவல் கோளத்திலிருந்து தட்டையாக மாறும். மேலே போட்ட கணக்கு பொய்த்துப்போய், ஒலி வெகுதூரம் வலுவோடு ஓடும்.

இத்தகைய அடுக்கு இருக்கும்போது 6 டெசிபெல் குறைக்க வேண்டும் என்று, தென் கலிபோர்னியப் பயிற்சிகள் குறித்த வழக்கில் கீழ்நீதிமன்றம் விதித்ததை 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. தடையாணை அளவுகோலைப் பற்றிய தீர்ப்பு அது. ஒலிக்குழாய் தீங்கற்றது என்று அது சொல்லவில்லை, நீங்கள் விதி எழுதுவதையும் தடுக்கவில்லை. நீர்மூழ்கியைத் தேடும் கப்பல் எப்படியும் வெப்பமானியைக் கடலில் எறிந்து அடுக்கை அளக்கிறது. அந்த அளவையே பயன்படுத்துங்கள்: அடுக்கு தெரிந்தால், 1,000 மீட்டரைத் தாண்டிச் சரியும் சரிவுகளையும் தீவுகளுக்கு இடையிலான வாய்க்கால்களையும் விட்டு வெளியே போய்ப் பயிற்சி செய்யட்டும். மெல்ல மெல்ல வலுவைக் கூட்டித் தொடங்கும் முறையை நாங்கள் கேட்கவில்லை. கூனல் திமிங்கிலங்களிடம் சோதித்ததில் அதனால் பெரிய பயன் தெரியவில்லை.

அமைதியாக ஓடும் டீசல் நீர்மூழ்கிகளைச் செவியால் மட்டும் பிடிக்க முடியாது, ஆட்களைப் பழக்கியாக வேண்டும் என்ற கடற்படையின் வாதம் சரியானதே. அதனால்தான் 'எப்படி' என்பதைவிட 'எங்கே' என்பதைக் கேட்கிறோம். 2002 செப்டம்பரில் கனேரித் தீவுகளில் பயிற்சி தொடங்கிய சுமார் 4 மணி நேரத்தில் திமிங்கிலங்கள் ஒதுங்கத் தொடங்கி, 14 அலகுத் திமிங்கிலங்கள் சிக்கின. உடலுக்குள் வாயுக் குமிழிகள். ஸ்பெயின் 2004இல் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் சோனாரைத் தடுத்தது. 2013இல் நடந்த மதிப்பாய்வுவரை அங்கு அத்தகைய கூட்டச் சாவு மறுபடி நேரவில்லை. காவலர்களை இரட்டிப்பாக்கியதால் வந்த பலன் அன்று அது.

கடைசியாகச் சான்றைப் பற்றி. ஆழம் சட்டென இறங்கும் ஹவாய் போன்ற இடத்தில் செத்த உடல் பெரும்பாலும் கரைக்கு வராது. ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு உடலும் அரிது. 24 மணி நேரத்துக்குள் அறுத்துப் பார்க்க ஆட்களும் வாயுவைச் சேகரிக்கும் வெற்றிடக் குழாய்களும் தீவுதோறும் தயாராக இருக்க வேண்டும். தாமதித்தால் அழுகல் வாயு கலந்து, குமிழியில் நைட்ரஜன் மிகுந்திருந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். எந்த வகை சோனார், எந்த நாள், எத்தனை மணி என்பதை 10 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஓராண்டு கழித்தேனும் வெளியிடுவதை அனுமதியின் நிபந்தனையாக்குங்கள். ஓராண்டு பழைய கட்டத்தைப் பார்த்து எந்த எதிரியும் கப்பலைப் பிடிக்கப் போவதில்லை.

பல நாட்டுக் கடற்படைகள் கூடும் ரிம்பாக் பயிற்சிக்கு இந்தியக் கடற்படையும் ஹவாய் வருகிறது, 2024இல் ஐ.என்.எஸ். ஷிவாலிக் வந்தது. அங்கு பழகிய நடைமுறை ஊர் திரும்பும் கப்பலோடு இந்தியப் பெருங்கடலுக்கும் வரும் என்பதால் தமிழில் எழுதுகிறோம். அடுத்த அனுமதி வரைவுக்கான கருத்துக் கேட்பில் இதே கோரிக்கைகளை ஆங்கிலத்திலும் பதிவு செய்வோம். ஒவ்வொன்றையும் ஏற்காவிட்டால் ஏற்காததற்கான ஒலியியல் காரணத்தை எண்களோடு தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலடி ஒலியியல், கடல் பாலூட்டி ஆய்வுத் துறைகளில் பணிபுரியும் தமிழர்கள்