நான்கு விண்கலங்களையும் நிறுத்திவிடாதீர்கள்

விண்வெளி ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். பூமியைச் சுற்றியுள்ள பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களால் ஆன வாயுவில், காந்தப்புலக் கோடுகள் அறுந்து வேறுவிதமாகச் சேர்வதை, அதாவது காந்த மறுஇணைப்பை, விண்கலத் தரவுகளில் தேடிப் படிப்பவர்களில் நானும் ஒருவன். இந்த மறுஇணைப்பை ஆராய நாசா அனுப்பிய எம்.எம்.எஸ். (காந்தமண்டலப் பல்லளவுத் திட்டம்) கலங்கள் நான்கும் வேலை செய்யும்வரை அவற்றுக்கான பணத்தை நிறுத்தாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எதற்கு நான்கு? ஒரே ஒரு கலம் இருந்தால் புலம் தெற்கிலிருந்து வடக்குக்குத் திரும்பியது தெரியும். ஆனால் புலமே மாறியதா, காந்தமண்டலத்தின் (பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதியின்) எல்லை கலத்தைத் தாண்டிப் போனதா என்று பிரித்துச் சொல்வது கடினம். நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின்) முனைகளில் நான்கு கலங்கள் நின்றால், எது முதலில் பார்த்தது, எது கடைசியில் பார்த்தது என்பதை வைத்தே எல்லை நகர்ந்த திசையையும் வேகத்தையும் கணக்கிடலாம். அங்கே ஓடும் மின்னோட்டத்தையும்கூட.

கலங்கள் ஒரு மறுஇணைப்பின் மையம் வழியாகச் சென்ற 2015 அக்டோபர் 16-ஆம் தேதித் தரவை இப்போதும் அடிக்கடி திறந்து பார்ப்பேன். எலக்ட்ரான்களின் வேகப் பரவலை, அதாவது எந்தத் திசையில் எந்த வேகத்தில் எத்தனை செல்கின்றன என்பதை, 30 மில்லிநொடிக்கு ஒரு படமாக வரைந்துகொண்டே போனால், வட்டமாக இருந்தது சட்டென்று பிறை வடிவமாகிறது. அடுத்த சில படங்களில் அது மாறிவிடுகிறது. டங்கி என்ற இயற்பியலாளர் 1961-இல் காந்தமண்டலத்தில் மறுஇணைப்பு நடக்க வேண்டும் என்றார். அதன் மையத்தில் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்பதை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2000-இல் ஏவிய கிளஸ்டர் கலங்களும் நான்குதான், ஆனால் எலக்ட்ரான்களின் முழுப் பரவலையும் அளக்க அவற்றுக்கு 4 நொடி தேவைப்பட்டது. அதற்குள் பிறை வந்து போய்விடும்.

அந்த கிளஸ்டரும் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் கலங்களில் ஒன்று முதலாவதாக 2024 செப்டம்பரில் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். சரி, பகல் பக்கத்து எல்லையில் பார்த்தோம். 2017 ஜூலை 11-இல் இரவுப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் காந்தமண்டல வாலிலும் பார்த்தோம். வாலில் மறுஇணைப்பு நடக்கும் இடத்தின் இருபுறமும் பிளாஸ்மா ஏறக்குறைய ஒரே மாதிரி, பகல் பக்கத்து எல்லையிலோ இருபுறமும் அடர்த்தி வெவ்வேறு. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியக் காற்று (சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மா) மாற மாற இவை இரண்டும் எப்படி மாறுகின்றன என்று அறிய, கலங்கள் தொடர்ந்து பறந்தால்தான் உண்டு.

இன்னொன்று. நுண்ணிய அளவீடுகளில் சிறு பங்கைத்தான் பூமிக்கு இறக்க முடிகிறது. எந்த நிமிடங்கள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். செலவைக் குறைக்கும்போது அவர்கள் பணியில் கைவைக்காதீர்கள். அப்புறம், நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், கருவிகளின் அளவுத்திருத்தத்தை முடித்து இறுதித் தரவை எல்லாருக்கும் திறந்து வைக்கத் தேவையான ஆட்களையும் மாதங்களையும் ஒதுக்கிய பிறகே அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தரவோடு வேலை செய்யும் ஒரு மாணவன்