மட்டக்களப்பு, அம்பாறைக் கடலுக்கு ஒரு திமிங்கிலப் பதிவேடு: திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலாளர்களுக்கும், இரு மாவட்டங்களிலும் பணிபுரியும் கடற்றொழில், வனசீவராசிகள் திணைக்கள அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வாகரைக்கும் பாணமைக்கும் இடையில் எங்காவது ஒரு திமிங்கிலம் கரையொதுங்கினால், அல்லது பாசிக்குடாவுக்கு வெளியே நாலைந்து சேர்ந்து தெரிந்தால், உடனே எழுவது ஒரே கேள்விதான்: இவை கூடிவிட்டனவா, குறைந்துவிட்டனவா? கண்டதை எழுதிவிட்டு எவ்வளவு நேரம் தேடினோம் என்பதை எழுதாமல் விடும்வரை, இதற்கு யார் சொல்லும் பதிலும் ஊகம்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மாதம் படகுகள் 60 மணித்தியாலம் கடலில் நின்று 12 தடவை திமிங்கிலம் கண்டன. மறு மாதம் 15 மணித்தியாலத்தில் 6 தடவை. "பாதியாகிவிட்டது" என்று செய்தி வரும். உண்மையில் மணித்தியாலத்துக்கு 0.2 ஆக இருந்தது 0.4 ஆக இரட்டித்திருக்கிறது. வாடைக் காலத்தில் படகுகள் கரையேறிக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் இந்தத் தவறு இன்னும் பெரிது. வாடையில் திமிங்கிலம் இல்லை என்பதற்குப் பெரும்பாலும் பொருள், வாடையில் பார்க்க ஆள் இல்லை என்பதே.

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர், ஜி.பி.எஸ். தடம், மணித்தியாலத்துக்கு ஒருமுறை கடலின் நிலை. வெள்ளை நுரைத் தலைகள் எங்கும் தெரியத் தொடங்கினால் அது காற்றின் வலுவைக் குறிக்கும் பியூபோர்ட் அளவில் 4. அப்போது திமிங்கிலத்தின் மூச்சுப் பீச்சலை நுரையிலிருந்து பிரித்தறிய முடியாது; அந்த மணித்தியாலங்களைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். எவரும் எழுத விரும்பாத வெறும் நாளையும் எழுத வேண்டும். "இன்று ஒன்றும் தெரியவில்லை" என்ற வரிகள் விடுபட்டால், ஏட்டில் கடல் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

எங்கள் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலம் அரிது. நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமுமே அதிகம் பேசப்படுபவை. ஆனாலும் கூன்முதுகைத் தனியாகக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்றக் கடல்களின் கூன்முதுகுகள் குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்குமாகப் போய்வர, அரபிக்கடல் கூட்டம் மட்டும் ஆண்டு முழுதும் இந்தப் பக்கத்திலேயே தங்குகிறது. 1965, 1966 ஆம் ஆண்டுகளில் சோவியத் கப்பல்கள் அக்கூட்டத்தில் 242 ஐக் கொன்றன. 2000 களின் தொடக்கத்தில் ஓமான் கரையில் எடுத்த படங்களை வைத்து மதிப்பிட்டபோது கிடைத்தது ஏறக்குறைய 82. 2017 இறுதியில் அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பெண் திமிங்கிலம் அரபிக்கடலைக் கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து திரும்பியது. அங்கிருந்து இலங்கைக் கடல் எட்டாத தூரமல்ல. எனவே பொத்துவிலுக்கு அப்பால் எடுக்கும் ஒரு நல்ல வால் படம், அதே திமிங்கிலம் ஓமானில் முன்பு பதிவானதா என்று சொல்லக்கூடும். மாறாகத் தென்கடலில் இருந்து வந்ததாக இருந்தால், அதுவும் புதுச் செய்திதான்.

அடையாளம் கடினமல்ல. பக்கத் துடுப்பு உடல் நீளத்தில் மூன்றிலொன்று. தலையிலும் தாடையிலும் முண்டு முண்டாக இருக்கும். ஆழமாக மூழ்குமுன் வாலைத் தூக்கும். எண்ணெய்த் திமிங்கிலமும் வாலைத் தூக்கும், ஆனால் அதன் பீச்சல் முன்னும் இடமுமாகச் சரிந்திருக்கும்.

படம் எடுக்க வேண்டியது வாலின் அடிப்பக்கத்தை. அதன் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதற்குப் படகு திமிங்கிலத்தின் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் போய்க் குறுக்கே நின்றால் வாலின் மேற்பக்கம்தான் கிடைக்கும், திமிங்கிலமும் கலைந்து போகும். 100 மீற்றருக்கு உள்ளே போகாமல், வேகத்தைக் குறைத்து, வெயில் முதுகுப் பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். கமராவின் வேகம் ஒரு செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு அல்லது அதைவிட விரைவாக இருக்கட்டும், தொடர்ச்சியாக அழுத்துங்கள். முதல் படமாக ஜி.பி.எஸ். திரையை எடுத்துவிட்டால் கமராக் கடிகாரம் பிழையாக இருந்தாலும் பின்னர் திருத்தலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் கரைக்கு வந்த பிறகுதான்: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, நேரமும் இடமும் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள்; மூலக் கோப்பை வெட்டாமல் வைத்திருங்கள்.

படத்தின் தரத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு பருவத்தில் 20 வால்கள், அடுத்த பருவத்தில் 25, இரண்டிலும் பொதுவானவை 5 என்றால், மொத்தத் தொகைக்கான எளிய மதிப்பீடு இருபதை இருபத்தைந்தால் பெருக்கி ஐந்தால் வகுப்பது: 100. மங்கலான படங்களால் பொதுவானவற்றில் இரண்டைத் தவறவிட்டால் வகுப்பது மூன்றால், விடை 167. அதாவது மோசமான கமரா திமிங்கிலங்களைப் பெருக்கிக் காட்டும்! சில திமிங்கிலங்கள் வாலைத் தூக்கவே தூக்காது. அது விடையைக் குறைக்கும். கன்றுகளின் வால்கோலம் வளரும்போது மாறுவதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

படம் கிடைக்காத நாளில் ஒலி இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்துப் பாடும்மீனைக் கேட்ட ஊருக்கு, நீருக்கடியில் ஒலி பதியும் ஹைட்ரோபோனை விளக்கத் தேவையில்லை. இயந்திரத்தை நிறுத்தி, கம்பியோடு கருவியை இறக்கி, அரை மணித்தியாலமாவது பதியுங்கள். ஆண் கூன்முதுகின் பாட்டு ஒரு சுற்று முடியவே 10 முதல் 20 நிமிடம் எடுக்கலாம். தை முதல் சித்திரை வரை கேட்டால் அரபிக்கடல் கூட்டத்தையும், ஆடி முதல் ஐப்பசி வரை கேட்டால் தென்கடல் கூட்டத்தையும் சந்தேகிக்கலாம். முடிவு சொல்வது பாட்டின் அமைப்பை ஒப்பிட்ட பிறகே. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இந்த ஒப்பீட்டுக்கு மாணவர்களை அமர்த்தலாம்.

கூடுவதற்கும் குறைவதற்குமான காரணங்களுக்கு வருவோம். வட பசிபிக்கில் கூன்முதுகுகள் 2012 இல் 33,488 என்று மதிப்பிடப்பட்டன. 2021 இல் 26,662. இடையில் 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை ஒன்று இரையைக் குலைத்தது. அவை வேறிடம் போய்விடவில்லை, செத்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருத முடிந்தது, பெருங்கடல் முழுவதிலும் இருபது ஆண்டு வால் படங்கள் கையில் இருந்ததால்தான். 2020 செப்டெம்பர் 3 இல் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் தீப்பற்றியதே, அப்படியொன்று மறுபடி நடந்தால் முன்னைய ஆண்டுகளின் பதிவோடு ஒப்பிட்டால் மட்டுமே பாதிப்பைச் சொல்ல முடியும்.

இறந்து ஒதுங்குவது காரணத்தை அறியக் கிடைக்கும் நேரடி வாய்ப்பு. அதை பெக்கோ இயந்திரத்தால் அவசரமாகப் புதைத்துவிடுகிறோம். புதைக்குமுன் அரை நாள் கொடுங்கள். மூக்கு நுனியில் இருந்து வால் நடுவெட்டு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும், உடல் வளைவோடு அல்ல. இரு பக்கமும், வாலும், வயிறும், காயங்களும் அளவுகோலோடு படமாக வேண்டும். நகமளவு தோலை 95 சதவீத எதனோலில் போடுங்கள். இல்லாவிட்டால் உலர்ந்த கல்லுப்பில் புதைத்து வையுங்கள். ஃபோமலின் வேண்டவே வேண்டாம், அது மரபணுவைக் கெடுக்கும். லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள், மை கரைந்துவிடும். வீங்கிய உடலைக் குத்தவோ கிழிக்கவோ விடாதீர்கள். வெளியில் காயம் இல்லை என்பதால் கப்பல் மோதவில்லை என்று எழுதிவிடவும் கூடாது. உடைந்த எலும்பு கொழுப்புக்குள் மறைந்திருக்கும். கால்நடை வைத்தியர் வெட்டிப் பார்த்தே சொல்ல வேண்டும். புதைத்த இடத்தை ஜி.பி.எஸ். இல் குறித்து வைத்தால் எலும்புகளைப் பின்னர் எடுக்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கடினமானது. வலையில் சிக்கிய திமிங்கிலத்தைப் பற்றி மீனவர் வாய் திறப்பதில்லை. கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் தம் மேலேயே பாயும் என்ற பயம் நியாயமானது. தற்செயலாகச் சிக்கியதை 24 மணித்தியாலத்துக்குள் அறிவிப்பவர்மேல் அந்த அறிவிப்பை வைத்து வழக்குத் தொடரப்படாது என்று இரு திணைக்களங்களும் எழுத்தில் தர வேண்டும். அது இல்லாமல் படிவம் அச்சிடுவது காகிதச் செலவு. அறிவிப்பவரிடம் இரண்டே அறிவுறுத்தல்கள்: தண்ணீரில் குதிக்காதீர்கள், இழுபடும் கயிற்றையும் மிதவையையும் வெட்டிவிடாதீர்கள், பயிற்சி பெற்றோர் திமிங்கிலத்தைப் பின்தொடரவும் பிடித்து நிறுத்தவும் அதுதான் வழி.

அமெரிக்காவுக்கு மீன், நண்டு ஏற்றுமதி செய்யும் நாடுகளிடம் வலையில் சிக்குவது பற்றிய இந்தப் பதிவுகளைத்தான் அந்நாட்டுச் சட்டம் இப்போது கேட்கிறது என்பதையும் கூட்டங்களில் சொல்லலாம். வாழைச்சேனையிலும் கல்முனையிலும் திமிங்கிலத்தை விட இது வேகமாகக் காதில் ஏறும்.

அடுத்த வாடைக்கு முன், ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவேட்டுக்குப் பொறுப்பான ஓர் அலுவலரையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் அறிவியுங்கள். தமிழ்ப் படிவத்தின் வரைவையும், இறங்குதுறைகளில் அரை நாள் பயிற்சியையும் நாங்கள் தருகிறோம்.

இவ்வண்ணம்,
கிழக்குக் கடலின் பாலூட்டிகளைக் கவனித்து வருவோர்