சாரம் வேறு, சாறு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'குழந்தையின் ஐக்யூவை ஏற்றும் புரதச் சாரம்' என்று ஒரு துணுக்கு. ஐக்யூகேப்1 என்ற புரதத்தைப் பற்றியாம். மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டுப் பெண் வந்து, "அக்கா, அது பவுடரா கிடைக்குமா? பால்ல கலந்து குடுக்கலாமா?" என்கிறார்.

அந்தப் புரதத்தோடு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், கனம் அதிகம் என்பதால் 190 கிலோடால்டன் பக்கத்தில், உச்சியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதை ஜெல்லிலிருந்து சோதனைச் சவ்வுக்கு மாற்ற ராத்திரி முழுக்கக் குளிர் அறையில் வைப்போம். இதன் பெயரிலுள்ள ஐக்யூ என்பது ஐசோலூசின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்களின் எழுத்துக்குறி. அவ்வளவுதான். பின்பாதிப் பெயரும் ஏமாற்றுதான். செல்லுக்குள் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ராஸ் புரதத்தை, விளக்கை அணைப்பதுபோல் அணைக்கும் 'கேப்' வகைப் புரதங்களின் சாயல் இருக்கிறதே என்று 1994-இல் வைத்த பெயர். இதுவோ அந்த வேலையைச் செய்வதே இல்லை. சிடிசி42 என்ற இன்னொரு சுவிட்ச் புரதத்தைப் பிடித்து, அணையவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

சாரம் என்றால், ஐயா, கொத்தனார் கட்டுகிற சாரம். ராஃப், மெக், எர்க் என்ற மூன்று புரதங்களும் இதன்மேல் நின்று, செல்லுக்கான 'பெருகு' என்ற கட்டளையைக் கைமாற்றுகின்றன. சாரம் குறைந்தாலும் வேலை கெடும், அளவுக்கு மீறினாலும் கெடும். ஆளுக்கொரு சாரத்தில் நின்றால் செங்கல்லை யாரிடம் நீட்டுவது? இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகள் பிறந்து வளரத்தான் செய்கின்றன. வயதானபின் இரைப்பையின் உட்சுவர் தடித்துப்போகிறது. மூளைச் செல்லிலும் இதற்கு வேலை உண்டு, மறுக்கவில்லை. அதற்காகப் பாலில் கலந்தால் பருப்பைப் போல இதுவும் வயிற்றில் செரித்துத் தொலையும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா!

இப்படிப்பட்ட 'ஸ்காஃபோல்டு' புரதத்துக்குச் 'சாரம்' என்ற சொல்லை மூன்று வருஷத்துக்கு முன் தங்களுக்கு எழுதி அனுப்பியதே நான்தான். அந்தக் கடிதத்தில் பாதியை வெட்டி, என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டீர்கள். சரி, இடநெருக்கடி என்று விட்டேன். மாதாமாதம் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறீர்கள், அதற்கும் வாய் திறக்கவில்லை. இப்போது என் சொல்லையே எடுத்துச் சாறு பிழிந்திருக்கிறீர்கள்.

வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போதும். சுடோகு விடைக்கு அடியில் வேண்டாம். எதிர்வீட்டுப் பெண், "பேப்பர்லயே போட்டிருக்கே அக்கா" என்று இன்னும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வக உதவியாளர் ('திருமதி'),
தஞ்சாவூர்