கோட்டைப் பாறையில் வாழும் செடிகளையும் கணக்கில் கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளும் நம் செஞ்சிக் கோட்டையும் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டதிலிருந்து, செஞ்சியில் செய்ய வேண்டியவை குறித்துப் பலரும் எழுதியும் பேசியும் வருகிறார்கள். சாலை, குடிநீர், கழிப்பறை, தங்குமிடம், வழிகாட்டிகள் ஆகிய எல்லாம் அவற்றில் இடம்பெற்றுவிட்டன, அவை தேவையானவைதாம். அந்தப் 12 கோட்டைகளுள் ஒன்றான சிவனேரியின் பாறை முகத்தில் படர்ந்து வாழும் ஒரு சிறு செடியைப் பற்றியும், அதை முன்னிட்டுச் செஞ்சிக்காக நாம் கேட்க வேண்டிய ஒன்றைப் பற்றியும் இக்கடிதத்தில் எழுத விரும்புகிறேன்.

புணே மாவட்டத்தில் ஜுன்னர் நகருக்கு மேலே நிற்கும் சிவனேரி, 1630-ல் சிவாஜி பிறந்த கோட்டை என்பதால் ஆண்டு முழுவதும் மக்கள் ஏறி இறங்கும் இடம். அதன் செங்குத்தான எரிமலைப் பாறைகளின் வெடிப்புகளில் ஃப்ரீரியா இண்டிகா என்ற செடி வாழ்கிறது. மராத்தியில் இதை ஷிந்தேல் மாக்குடி என்கிறார்கள். 1865-ல் இதற்கு முதன்முதலில் அறிவியல் விவரணை எழுதிய டால்செல், அப்போது பம்பாய் ஆளுநராக இருந்த பார்ட்டில் ஃப்ரியரின் பெயரை இதற்குச் சூட்டினார். பின்வந்த வகைப்பாட்டாளர்கள் இதைக் கரலூமா பேரினத்துக்கும், பிறகு பூசரோசியா பேரினத்துக்கும் மாற்றினார்கள் என்றாலும், பழைய பெயரே இன்றும் பரவலாக வழங்குகிறது. சதைப்பற்றுள்ள தண்டு பாறையோடு ஒட்டி ஊர்ந்தும், விளிம்பு வந்தால் கீழே தொங்கியும் வளரும். மழைக்காலத்தின் பிற்பகுதியில், கருஞ்சிவப்பில் மஞ்சள் திட்டுகளும் ஓரத்தில் மெல்லிய மயிர்களும் கொண்ட நட்சத்திரப் பூக்கள் அதில் மலர்கின்றன. எருக்கு, வேலிப்பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், காய் வெடித்ததும் பட்டு போன்ற இழைக்குஞ்சம் தாங்கிய விதைகள் காற்றில் பறந்துபோய் அடுத்த வெடிப்பைத் தேடிக்கொள்கின்றன.

இந்தச் செடியின் உண்மையான சிறப்பு அதன் இலையில் இருக்கிறது. இதன் நெருங்கிய உறவுச் செடிகள் அனைத்தும் இலையைக் கிட்டத்தட்ட முற்றாகத் துறந்து, பச்சைத் தண்டை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்பவை. ஃப்ரீரியா ஒன்றுதான் மழைக்காலத்தில் நல்ல அகலமான இலைகளை விடுகிறது. வறட்சி தொடங்கியதும் அவற்றை உதிர்த்துவிடுகிறது. பாலைவனச் செடிகள் பலவும் கள்ளிகளும் பகல் வெயிலில் நீர் ஆவியாகிப் போகாதபடி இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்து, அதை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கிக்கொள்ளும். ஃப்ரீரியாவின் தண்டும் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அதன் இலைகள் நெல்லின் இலைகளைப்போலப் பகலிலேயே வாயுவை வாங்கி வேலை செய்கின்றன என்பதை 1977-ல் ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டார்கள். அறுவடைக் காலத்தில் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் வீட்டாரே வேலையைப் பார்த்துக்கொள்ளும் சிறு விவசாயக் குடும்பத்தின் கணக்கு இது. தண்ணீர் மிகுந்திருக்கும் சில மாதங்களில் வேகமாக வளர்வதற்கு இலை. மீதி மாதங்களில் உயிரைப் பிடித்து வைத்திருப்பதற்குத் தண்டு.

இரவில் அமிலம் சேரும் இந்த வழிமுறையின் வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தரங்கம்பாடிக்கு மதப்பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன் என்பவர், ரணகள்ளி இலை விடியற்காலையில் கடும் புளிப்பாகவும், நடுப்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருப்பதை மென்று பார்த்து உணர்ந்து, அதை இலண்டனிலிருந்த நண்பர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். 1815-ல் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அச்சான அக்கடிதத்தை, இத்துறையின் தொடக்கக் குறிப்புகளுள் ஒன்றாக இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 

இத்தகைய வறட்சியைத் தாங்கும் செடி ஏன் அரிதாயிற்று என்று கேட்கலாம். ஃப்ரீரியா இயற்கையாக வாழ்வது மகாராஷ்டிர மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சில குன்றுகளில் மட்டுமே. சிவனேரி, புரந்தரை ஒட்டிய வஜ்ரகட், சஜ்ஜன்கட், மகாபலேஸ்வர் ஆகியவை அவற்றுள் அறியப்பட்டவை. ஒவ்வோர் இடத்திலும் பாறையின் ஒரு பட்டையில் சில செடிகள் என்ற அளவில்தான் அதன் கூட்டம் இருக்கிறது. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் இதனால் நெருப்பைத் தாங்க முடியாது. கோடையில் காய்ந்த புல்லுக்கு வைக்கப்படும் தீ, எட்டும் இடத்திலெல்லாம் ஆட்டின் வாய், பாறைச் சரிவு, கல் உடைப்பு, அழகுச் செடி சேகரிப்போரின் கை ஆகியவற்றுக்குத் தப்பியவையே மனிதர் ஏற முடியாத உயரங்களில் எஞ்சி நிற்கின்றன.

இதை வாசிக்கும் தோட்ட ஆர்வலர்கள், இச்செடி நாற்றுப்பண்ணைகளில் தொட்டியிலேயே கிடைக்கிறதே என்று சொல்லக்கூடும். உண்மைதான், ஒரு துண்டுத் தண்டை நட்டால் வேர்பிடித்துவிடும், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடமும் இது தாராளமாக உண்டு. ஆனால் ஒரு தாய்ச்செடியிலிருந்து ஒடித்து நட்ட நூறு தொட்டிகளும் மரபணு அளவில் ஒரே செடிதான். பாறையில் விதையிலிருந்து முளைத்த பத்துச் செடிகளுக்குள் இருக்கும் வேறுபாடு அந்த நூறிலும் இருக்காது. தொட்டியில் கிடைக்கிறது என்பதைக் காரணம் காட்டி மலையில் அழிந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுவது என்னைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கதன்று.

சிவனேரியில் இச்செடி தப்பியிருப்பதில் கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறேன். தொல்லியல் நினைவுச் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த விதிகளும் திருத்தங்களும், காக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்கும் கல் வெட்டுவதற்கும் தடை விதித்து, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அவற்றை முறைப்படுத்துகின்றன. மதிலைக் காக்க எழுதிய விதி, மதிலுக்குக் கீழேயுள்ள பாறையையும் அதன் வெடிப்பிலுள்ள செடியையும் சேர்த்தே காத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இதே கோட்டையில் மேம்பாடு என்ற பெயரில் நடக்கும் வேலைகள் அந்தக் காப்பை நீக்கிவிடவும் கூடும். பாதையை அகலப்படுத்துதல், பாறை முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தல், கம்பி வேலி நடுதல், களைக்கொல்லி தெளித்தல் ஆகியவை எல்லாம் கோட்டையின் நன்மைக்காகவே செய்யப்படுபவை. செய்பவர்களுக்கு அங்கே என்ன வளர்கிறது என்று தெரியாததுதான் சிக்கல்.

மதில்களிலும் கோபுரங்களிலும் வளரும் எல்லாச் செடிகளையும் விட்டுவைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அரசும் ஆலும் கட்டடத்தில் வேர்விட்டால் கல்லையே நெம்பித் தள்ளிவிடும். அவற்றை இளங்கன்றாக இருக்கும்போதே அகற்றுவதுதான் சரி. ஆனால் கட்டடத்தின் இணைப்பில் முளைத்த ஆலங்கன்று வேறு. மனிதர் கை படாத இயற்கைப் பாறையில், ஒரு கைப்பிடி மண்ணில் நுண்ணிய வேர்களோடு படர்ந்திருக்கும் சதைப்பற்றுச் செடி வேறு. முன்னதை அகற்றும் ஒப்பந்தத்தில் பின்னதும் சேர்ந்து போய்விடாதபடி வேலையாட்களுக்கு எழுத்து மூலமாகவும் படம் மூலமாகவும் சொல்லித்தர வேண்டும்.

இனி செஞ்சிக்கு வருகிறேன். ஃப்ரீரியா இங்கே இல்லை. அது மகாராஷ்டிரத்துக்கே உரியது. ஆனால் அதன் பங்காளியான கள்ளிமுளையான் தமிழ்நாட்டின் வறண்ட பாறைக் குன்றுகளுக்கும் புதர்க்காடுகளுக்கும் உரிய செடி. நான்கு பட்டையான, இலையற்ற, சாம்பல் பூத்த பச்சைத் தண்டுகள் அடியில் சற்றே சாய்ந்து பின் நிமிர்ந்து, முட்புதரின் நிழலில் ஆட்டுக்கு எட்டாமல் ஒளிந்து வளரும். கிழக்குக் கடற்கரைத் தாவரங்களை வரைந்து எழுதிய ராக்ஸ்பர்க் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை விவரித்திருக்கிறார். பெயரில் கள்ளி இருந்தாலும் இதில் கள்ளிப்பால் வராது. ஒடித்தால் தெளிந்த நீர்தான் கசியும். ஆடு மேய்ப்பவர்கள் பசியும் தாகமும் அடங்க இதைப் பச்சையாகவே மென்றிருக்கிறார்கள். வீட்டில் பட்டை ஓரங்களைச் சீவி, நறுக்கி, எண்ணெயில் வதக்கி, உளுந்து, மிளகாய், புளி சேர்த்துத் துவையலாக அரைப்பார்கள்.

பசியடக்கும் அந்தக் குணமே இப்போது இதற்கு ஆபத்தாகியிருக்கிறது. இதன் சாறு உடல் எடை குறைக்கும் மாத்திரையாக உலகச் சந்தையில் விற்கிறது. 2007-ல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், 60 நாள் உட்கொண்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் பசியுணர்வும் குறைந்தன. எடையிலோ, வெற்று மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விளம்பரங்கள் இந்தப் பிற்பகுதியைச் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்கப் பகுதியின் சான் பழங்குடியினர் பசி தாங்கத் தின்ற ஹூடியா என்ற உறவுச் செடிக்கும் இதே கதைதான் நடந்தது: 1990-களில் காப்புரிமை, உலகச் சந்தை, 2003-ல்தான் அம்மக்களுக்குப் பங்கு தரும் உடன்படிக்கை, அடுத்த ஆண்டிலேயே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்.

எனவே செஞ்சிக்கென வகுக்கப்படும் மேலாண்மைத் திட்டத்தில் ஒரு தாவரக் கணக்கெடுப்பும் சேர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளின் பாறைப் பரப்பில் எந்தெந்தச் செடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடம் கையில் இருந்தால்தான், எந்தப் பாதையை அகலப்படுத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று பொறியாளர்கள் முடிவு செய்ய முடியும். இதற்குப் புதிதாக நிறுவனம் எதுவும் தொடங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அருகிலேயே புதுச்சேரியில் தாவர மாதிரித் தொகுப்போடு பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லையிலுள்ள உயிரினங்களையும் அவை பற்றிய மக்கள் அறிவையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது. குன்றுகளைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடு மேய்த்த முதியவர்களை அந்தப் பணியில் உடன் அழைத்துச் சென்றால், பட்டம் பெற்றவர்கள் ஒரு பருவம் முழுதும் தேடிக் கண்டுபிடிப்பதை அவர்கள் சில நாட்களில் காட்டிவிடுவார்கள். அவர்களுக்கு உரிய ஊதியமும் தர வேண்டும்.

கணக்கெடுப்பின் காலத்தைப் பற்றி ஒரு சொல். நிதியாண்டு முடிவதற்குள் செலவு செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் இதுபோன்ற பணிகள் பெரும்பாலும் பங்குனி வெயிலில்தான் நடக்கின்றன. அப்போது கள்ளிமுளையான் சுருங்கி, சுற்றியுள்ள சுள்ளிகளின் நிறத்துக்கு மாறி, அருகில் நின்று பார்த்தாலும் கண்ணில் படாது. செடி இல்லை என்று அறிக்கை எழுதப்பட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு, ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலத்தில் இதைச் செய்யும்படியும், அதன் அறிக்கை வரும்வரை பாறை முகத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தங்களை நிறுத்தி வைக்கும்படியும் தொல்லியல் துறையையும் விழுப்புரம் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.