கண்ணு, கேக் இந்த முறை வீட்டில்தான்

கண்ணு,

நல்லா இருக்கியா. போனில் சொன்னால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பிறந்தநாளுக்கு நீ வரும்போது கேக் கடையில் தேட வேண்டாம், முட்டை, பால், கோதுமை எதுவும் இல்லாமல் அப்பாவே செய்கிறேன். உன் அம்மா இதில் தலையிடவில்லை, பக்கத்தில் நின்று விமர்சனம் மட்டும்தான்.

முட்டையில்லாத கேக் என்று தேடினால் ஆயிரம் வீடியோ வருகிறது, ஆனால் எல்லோரும் மைதாவை நம்பித்தான் செய்கிறார்கள், கூடவே தயிரோ கண்டன்ஸ்டு மில்க்கோ வேறு. மைதா இல்லாத கேக் என்று தேடினால் முட்டையை உடைத்து உடைத்து ஊற்றுகிறார்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்று தாங்கிப் பிடிக்கிறது. உனக்கு இரண்டுமே கூடாது, தாங்குவதற்கு ஆளே இல்லை. வெறும் அரிசி மாவில் செய்து பார்த்தேன், கத்தி வைத்ததும் உதிர்ந்து போச்சு. "இதுக்குப் பேசாம இட்லி ஊத்தியிருக்கலாம்" என்றாள் அம்மா.

அவள் கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயம் அதில்தான் இருந்தது. இட்லியில் கோதுமையும் இல்லை, முட்டையும் இல்லை, பிறகு எப்படி உப்பி நிற்கிறது? உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது. கேக்கிலும் அப்படி ஒரு வழவழப்பு வேண்டும், அவ்வளவுதான். அரைத்த ஆளிவிதை ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் கொழகொழவென்று வரும், அது ஒரு முட்டைக்குச் சமம். அப்புறம் மலச்சிக்கலுக்குக் குடிப்பார்களே, அந்த இசப்கோல் உமி ஒரு டீஸ்பூன். மெடிக்கலில் கேட்டால் "எத்தனை நாளா சார் கஷ்டப்படறீங்க" என்கிறார் கடைக்காரர், கேக்குக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார்.

இப்போது வீட்டில் நிலைத்துவிட்ட கணக்கு இது. ராகி மாவு ஒரு கப், அரிசி மாவு அரை கப், மரவள்ளி மாவு கால் கப், நாட்டுச்சர்க்கரை முக்கால் கப், தேங்காய்ப்பால் ஒரு கப், எண்ணெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா, அது பொங்க ஒரு மூடி எலுமிச்சை. ஆளிவிதை இரண்டு முட்டை அளவுக்கு. எலுமிச்சை, சோடா, பேக்கிங் பவுடர் மூன்றையும் கடைசிக்கு வைத்துவிட்டு, மற்றதைக் கலக்கி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிசி மாவு பல்லில் நறநறக்கும், இதை எந்த வீடியோவும் அழுத்திச் சொல்வதில்லை. 180 டிகிரியில் 40 நிமிடம். வெந்ததும் உடனே வெட்டக் கூடாது, சூட்டோடு வெட்டினால் நடுவில் பிசுபிசுவென்றுதான் இருக்கும், நன்றாக ஆறினால் தானாக இறுகிவிடும். பஞ்சு மாதிரி வராது. நானும் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன், ராகிக்கு என்ன வருமோ அது வருகிறது, நன்றாகவே வருகிறது.

பால் வேண்டாம் என்பது உன் கொள்கை, கோதுமை வேண்டாம் என்பது உன் குடல். கொள்கையில் பிசகினால் நீ திட்டுவாய், வாங்கிக்கொள்வேன். மற்றது அப்படி இல்லை. கோதுமையில் இருக்கும், உன் குடலுக்கு ஆகாத புரதம்தான் குளூட்டன்; அது ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் குளூட்டன் இல்லாதது என்று எழுதலாம் என்பது இங்கே சட்டம், அந்த அளவைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மில்லில் கோதுமை அரைத்த கையோடு ராகியைப் போடுவார்கள், அதனால் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் நானே அரைக்கிறேன். சல்லடையும் கேக் டின்னும் புதுசு, பழையதை அம்மா பரணில் ஏற்றிவிட்டாள். பேக்கிங் பவுடரில்கூட சிலதில் கோதுமை ஸ்டார்ச் இருக்குமாம், சோள ஸ்டார்ச் போட்டதாகப் பார்த்து வாங்கினேன். இதையெல்லாம் விடு, பெருங்காயம்! டப்பாவின் பின்னால் படித்தால் கோதுமை மாவு. போன தடவை நீ வந்துவிட்டுப் போனபின் வயிறு சரியில்லை என்றாயே, சாம்பாராக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். இப்போது அரிசி மாவு கலந்ததுதான் வீட்டில்.

மேலே பூச என்ன வேண்டும் என்று சொல்லிவிடு. கெட்டித் தேங்காய்ப்பாலை ஃப்ரிட்ஜில் வைத்து மேலே கட்டியதை எடுத்து அடிக்கலாம். சாக்லேட்தான் வேண்டும் என்றால் பால் பவுடரும் கோதுமையும் இல்லாததாகப் பார்த்து நீயே வாங்கி வா, இங்கே கடையில் லேபிள் எழுத்து என் கண்ணாடிக்கு எட்டவில்லை.

அப்பா