மூல அட்டை இங்கேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். மஞ்சக்குப்பத்தில் வெயில் ஏறிவிட்டது, சாயங்காலம் கடல்காற்று வந்தால்தான் உயிர் வருகிறது.

தலையணைமேல் வைத்து, துளைகளில் ஊசி குத்தி நூல் பின்னுகிற அம்மாவின் லேஸ் வடிவ அட்டைகளை அப்படியே பார்சல் போடச் சொன்னாய். போடமாட்டேன் அம்மாடி, நகல்தான் வரும். நாகர்கோவிலில் பாதிரியார் மால்ட் துரையின் மனைவி 1820-களில் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த வேலை, உன் பாட்டி வழியாக அம்மா கைக்கு வந்தது. நீயோ பிரான்சில் லியோனிலிருந்து லேஸுக்குப் பேர்போன லு புய் ஊர் வரை போய் அதையே கற்றுக்கொள்கிறாய்! அம்மாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

நகல் எடுப்பது என் தொழில், அதனால் சொல்கிறேன். பழைய அட்டையைப் புது அட்டைமேல் வைத்து, அதே துளைகள் வழியாக ஊசி குத்திப் பிரதி எடுப்பார்கள். குத்தக் குத்த மூலத்தின் துளை பெரிதாகும், புள்ளி நகரும். அந்தப் பிரதியிலிருந்து இன்னொன்று எடுத்தால் கேட்கவே வேண்டாம். நான் செய்தது வேறு. அட்டையின் முகப்பில் மெல்லிய தாளை விரித்து மெழுகுக் கிரயானால் இலேசாகத் தேய்த்தேன். துளைகள் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தன. மூலத்துக்கு ஒரு கீறல் இல்லை. நூல் போகும் வழியைக் காட்டும் கோடுகள் தேய்ப்பில் வராது, அவற்றை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் போட்டேன்.

தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க்கில்தான் போட்டேன். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் அடித்தபோது பெட்டிக்குள் தண்ணீர் போனது உனக்கு நினைவிருக்கும். பேனா மையில் இருந்த கோடெல்லாம் கரைந்து போயிற்று, துளைகள் மட்டும் தப்பின. துளை இருந்தால் வடிவம் இருக்கிறது. மற்றதை அம்மா கையே நினைவு வைத்திருந்தது.

ஜெராக்ஸ் எடுப்பதானால் ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து சென்டிமீட்டர் கோடு போட்டுக்கொள். சில மெஷின் ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிடும். கணினியிலிருந்து அச்சிட்டால் நூறு சதவீதம் என்று நீயே தேர்ந்தெடு, விட்டால் அது தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதே. கைக்குட்டையைச் சுற்றி லேஸ் பின்னி முடிக்கும்போது ஆரம்பமும் முடிவும் சேராது.

நீ வாங்கிய நூல் தடிமன் என்றாயே. ஸ்கேல்மேல் நெருக்கமாகச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணு. அம்மாவின் நூல் 24 சுற்று. உன்னுடையது 20 என்றால் நகலை 120 சதவீதமாகப் பெரிதாக்கு.

தலையணையில் வைக்கும் நகலுக்கு, புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டும் பிளாஸ்டிக்கை மேலே ஒட்டிவிடு. இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கரி வெள்ளை நூலில் ஏறும். வெளிர் நீலத்தில் கிடைத்தால் கண்ணுக்கும் சுகம். மூலத்தை மட்டும் யாரும் லேமினேஷன் செய்ய விடமாட்டேன், ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது.

வைக்கிற விஷயத்தில் நம் ஊர் கொஞ்சம் கொடுமை. உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளையே அரிக்கும், செலோடேப் மஞ்சள் கறை விடும். இரண்டையும் உரித்தெடுத்தேன். வழவழ பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸ் தாளைப் போட்டு வெக்கையில் விட்டால், கரி உறையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளைத் தாள் வைத்து, சுருட்டாமல் படுக்கையாக அடுக்கியிருக்கிறேன். ராமபாணப் பூச்சிக்கு அம்மா வசம்புத் துண்டு போடுகிறாள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, அவளிடம் சொல்லாதே. மழைக்காலம் போனதும் வெளியே எடுத்து நிழலில் காயவைப்பதைத்தான் நான் நம்புகிறேன்.

நகல்கள் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வரும். பிரித்ததும் பத்து சென்டிமீட்டர் கோட்டை அளந்து சொல். குறைந்தால் திரும்ப எடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு.

அப்பா