பையனுக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது

பத்தாங் பெர்ஜுந்தை
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். உன் பேத்தியின் படம் பார்த்தோம். மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம் குழந்தை. லோரி மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தெருவில் போகிற எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சரி, இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல முடியாத ஒன்று வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி மகனுக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. நிஜமான ஒப்பந்தம்டா, முத்திரை போட்ட தாளில். மலேசியக் கால்பந்து லீக்கில் ஆடுகிற ஒரு கிளப். இரண்டு வருடம், மாதம் 2,200 வெள்ளி சம்பளம், தங்க இடம், சாப்பாடு. 19 வயது அவனுக்கு. கையைத் தூக்கினால் கோல் கம்பத்தின் மேல்கட்டையைக் குதிக்காமலே தொடுகிறான். நீ கடைசியாகப் பார்த்தபோது உன் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைப் பந்தால் உடைத்தவன்தான்.

வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. தங்கச்சி வேண்டவே வேண்டாம் என்கிறாள். மாப்பிள்ளை வாயே திறப்பதில்லை, சாப்பிட்டுவிட்டு லோரியைத் துடைக்கப் போய்விடுகிறார். பையன் என் முகத்தைப் பார்க்கிறான். நான் இரவெல்லாம் யோசிக்கிறேன்.

விஷயம் என்ன தெரியுமா, அவனை எடுப்பது மூன்றாவது கோல் கீப்பராக. இது உனக்குப் புரியும், தங்கச்சிக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியவில்லை. மத்தியில் ஆடுகிறவனை வலப்பக்கம் போடலாம், இடப்பக்கம் போடலாம். கோல் அடிக்கிறவனை எழுபதாவது நிமிடத்தில் இறக்கிவிட்டுப் பார்க்கலாம். கோல் கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். முதல் ஆளுக்கு அடிபட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அல்லது பயிற்சியாளர் அவன்மேல் நம்பிக்கை இழக்க வேண்டும். அப்போதுகூட இறங்குவது இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் பெரும்பாலான நாள் பெஞ்சில்கூட இருக்க மாட்டான். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், மற்றவர்கள் அடித்துப் பழகுகிற பந்துக்கெல்லாம் விழுந்து எழுந்து, ஆட்ட நாளில் அரங்கில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும். இப்படி இரண்டு வருடம் போகலாம், நாலு வருடமும் போகலாம். 19 வயதுப் பிள்ளையின் மனசு அதைத் தாங்குமா? எனக்கு இருக்கிற பெரிய கவலை இதுதான், சம்பளம்கூட அப்புறம்தான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோல் கீப்பர் மெதுவாகத்தான் முதிர்வான். 82 உலகக் கிண்ணம் நினைவிருக்கிறதா, இத்தாலி ஜெயித்தது? கிண்ணத்தைத் தூக்கிய தினோ சோஃபுக்கு 40 வயது. 2018இல் எகிப்தின் எல்-ஹடாரி 45 வயதில் உலகக் கிண்ணத்தில் இறங்கி, சவுதி அடித்த ஒரு பெனால்டியையும் பிடித்தார். மற்ற ஆட்டக்காரர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்காரும் வயசில் கோல் கீப்பர் இன்னும் நின்றுகொண்டிருப்பான். அப்படிப் பார்த்தால் 19 வயதில் மூன்றாவது ஆளாக இருப்பது பின்தங்கியது ஆகாது.

நம் ஊர்க் கதையே இருக்கிறதே. 2010 சுசுகி கிண்ணம், தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி. முதல் ஆட்டத்தில் இந்தோனேசியா நமக்கு ஐந்து கோல் போட்டது. அப்புறம் பயிற்சியாளர் ராஜகோபால் கோல் கீப்பரை மாற்றினார். உள்ளே வந்த கைருல் ஃபாஹ்மிக்கு அப்போது 21 வயதுதான். இறுதிச் சுற்று இரண்டு ஆட்டம். முதலாவது நம் புக்கிட் ஜாலிலில், நாம் 3–0. இரண்டாவது ஜகார்த்தாவில், லட்சம் பேர் கத்துகிற அரங்கம், ஆரம்பத்திலேயே அவர்களுக்கு ஒரு பெனால்டி. அது உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. பிடித்துவிட்டான் பையன். அந்த ஆட்டத்தில் 2–1 என்று தோற்றோம், ஆனாலும் கிண்ணம் நமக்கு. நீ அன்றிரவு பாசிர் கூடாங்கிலிருந்து போன் போட்டு ஒன்றும் பேசாமல் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தாய். அந்தப் பையன் காத்திருக்கும்போதே தயாராக இருந்திருக்கிறான், நம் பிள்ளைக்கு நான் சொல்ல நினைப்பதும் அதைத்தான். ஆனால் நான் சொன்னால் அவன் காதில் ஏறாது. நான் பின்வரிசையில் ஆடியவன், கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவன் இல்லை.

அவன் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், நீ கேட்பாய். மேல் பந்துக்கு நன்றாக வெளியே வருகிறான். தரைப் பந்துக்கு இடப்பக்கம் விழுவதில் இன்னும் தயக்கம். கால் ஆட்டம் பிரமாதம். நம் காலத்தில் எனக்கு நெருக்கடி வந்தால் பந்தை உன்னிடம் திருப்பித் தட்டிவிடுவேன், நீ கையில் எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் காலைப் பெரட்டில் தண்டல் எல்லார் பேரையும் வாசித்து முடிக்கிற நேரம் வரைக்கும் நிற்பாய். 1992இல் அந்தச் சலுகை போய்விட்டது. தன் ஆள் காலால் தட்டிக் கொடுத்த பந்தை இப்போது கையால் தொடக்கூடாது. எதிரி ஓடி வரும்போது காலாலேயே சமாளித்து இன்னொருவனுக்குச் சரியாகக் கொடுக்க வேண்டும். பிடித்த பந்தையும் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கொடுத்துவிடுகிறார்கள், கடைசி ஐந்து வினாடியை நடுவர் கையைத் தூக்கி எண்ணுகிறார். உன்னை இந்த விதியில் நிறுத்தினால் ஒரு ஆட்டத்துக்கு இருபது கார்னர் வாங்கித் தருவாய்.

கையுறைக்குத்தான் காசு பறக்கிறது. உள்ளங்கையில் இருப்பது ரப்பர் பால் நுரை, ஈரப்படுத்திப் போட்டால்தான் பந்து ஒட்டும், அப்படிப் போடப் போட உரிந்துவிடும். ஆடுகிற ஜோடி வேறு, பழகுகிற ஜோடி வேறு. தங்கச்சி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா முப்பது வருடம் வெட்டிய பாலுக்கு இந்த விலை கிடைத்திருந்தால் நாம் எங்கேயோ இருந்திருப்போம் என்றாள். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அவள் பயம் நியாயமானது, அதையும் எழுதுகிறேன். இந்த நாட்டில் சம்பள பாக்கி வைக்காத கிளப்பை விரல் விட்டு எண்ணலாம். நம் தாமான் குடியிருப்பில் ஒரு பிள்ளை ஒரு அணியில் ஆடினான். மாதக்கணக்காகச் சம்பளம் வரவில்லை, மோட்டார் சைக்கிள் கடனை அவன் அப்பாதான் கட்டினார். இந்தப் பையனின் 2,200ஐ எடுத்துக்கொள். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ஆகிவிட்டது, சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி தூக்கினாலும் அதற்குப் பக்கத்தில் வரும், அதுவும் மாதம் தவறாமல் வரும் என்கிறாள் அவள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கிளப்பிடம் கேட்க வேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஈ.பி.எஃப். சேமநிதி, சொக்சோ காப்புறுதி இரண்டும் கட்டுவார்களா? பயிற்சியில் தோள் இறங்கினால் ஆபரேஷன் செலவு யாருடையது? கோல் கீப்பருக்குத் தோளும் விரலும்தான் சொத்து. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டு, அப்படியும் தராவிட்டால் ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதியில் இருக்கிறது. நம் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்க வேண்டும் என்று சொல்லப் போகிறேன். ஆட்டக்காரர்கள் சங்கத்திலும் முதல் நாளே சேர வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கிளப் என்றால் அந்தக் கிளப்பே வேண்டாம்.

இன்னொரு பயம், அதை அவளிடம் சொல்லவில்லை. 94, 95இல் நடந்தது உனக்குத் தெரியும். ஆட்டத்தை விற்றார்கள் என்று எத்தனை ஆட்டக்காரர்களைப் பிடித்தார்கள், எத்தனை பேர் வாழ்க்கை போனது. முன்வரிசைக்காரன் பந்தை வெளியே அடித்தால் அதிர்ஷ்டம் இல்லை என்பார்கள். கோல் கீப்பர் கையிலிருந்து நழுவினால் எவ்வளவு வாங்கினான் என்று கேட்பார்கள். சம்பளம் வராத மாதத்தில், பசியோடு இருக்கிற பிள்ளையிடம்தான் அந்த மாதிரி ஆள் வந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சைத் தொடங்குவான். பையன் நல்லவன், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இதை அவனிடம் யாராவது நேராக உட்கார்ந்து பேச வேண்டும்.

நேற்று நம் நாட்டுக் கோல் கீப்பர் ஆறுமுகத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். ஸ்பைடர்மேன் என்று சொல்வார்கள், கை அவ்வளவு நீளம் என்றேன். பேர் கேள்விப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். 1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம், ஒலிம்பிக் தகுதி ஆட்டம், தென் கொரியாவோடு நாம் 2–1. தோட்டத்துக் கிளப்பில் ஒரே ஒரு டிவி, ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தோமே. ஜேம்ஸ் வோங் இரண்டாவது கோலைப் போட்டபோது தோட்டத்துக் கிராணியே மேசைமேல் ஏறினார். ஆனால் நீ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, ஆறுமுகம் எங்கே நிற்கிறார் என்றுதான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் பேப்பரில் வந்த படத்தை வெட்டி லயத்துக் கதவில் ஒட்டினாய், உன் அப்பா அதைக் கிழிக்கவே இல்லை. அப்புறம் ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போக வேண்டாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது, நம் இடத்தில் ஈராக் போனது. சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் ஆடிய அந்த அணி அந்த ஒலிம்பிக்கின் வாசலில் நின்று திரும்பிவிட்டது. நாட்டுக்காக 190 ஆட்டங்களுக்கு மேல் நின்ற ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார், 35 வயது. சம்பள ஒப்பந்தமும் தொழில்முறை லீக்கும் இந்த நாட்டுக்கு வந்ததே அதற்கப்புறம்தான். அவர் காலத்து ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பழகினார்கள். இதைச் சொன்னபோது பையன் கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

சேகர், இப்போது நான் எழுதப் போவதைக் கோபிக்காமல் படி. உனக்கு மாநில இளையோர் தேர்வுக்குக் கடிதம் வந்தது. உன் அப்பா விழுந்த அதே மாதம். நீ போகவில்லை. மறுநாள் விடியற்காலை வாளியைத் தூக்கிக்கொண்டு அவருடைய ரப்பர் நிரையை வெட்டப் போனாய், தம்பி தங்கச்சிகளைப் படிக்க வைத்தாய். அதைப் பற்றி நீயும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தென்னமரம் தோட்ட அணியோடு ஆடிய அந்தக் கடைசி ஆட்டத்தில் உன் பின்னால் நின்று பார்த்த பெரியவர்கள், இவன் எங்கேயோ போக வேண்டியவன் என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. உன்னைவிட நல்ல கோல் கீப்பரை நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. இதை நான் உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பையன் போக வேண்டும். ஆனால் டிப்ளோமாவை விடக்கூடாது. யூனிசெல் பல்கலைக்கழகம் இங்கேயே இருக்கிறது, இரண்டு செமஸ்டர்தான் பாக்கி. பாடத்தை இழுத்து இழுத்தாவது முடிக்கட்டும். கிளப் இதற்கு ஒப்புக்கொண்டால் கையெழுத்து, இல்லையென்றால் அடுத்த கிளப். அவன் உயரத்துக்கும் கைக்கும் இன்னொன்று வராமலா போகும். தங்கச்சியிடம் இதைச் சொல்லும்போது நீ பக்கத்தில் இருந்தால் அவள் கேட்பாள். என்னைவிட உன் பேச்சுக்குத்தான் அந்த வீட்டில் எப்போதும் மதிப்பு.

அதனால் கிளம்பி வா. இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். வெள்ளி இரவு பஸ் ஏறினால் விடியற்காலை கோலாலம்பூர் டி.பி.எஸ். பஸ் நிலையத்தில் இறங்கலாம், நான் காரோடு வந்து நிற்கிறேன். வீட்டில் பசியாறிவிட்டுத் திடலுக்குப் போவோம். அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்று பார். இடப்பக்கம் ஏன் தயங்குகிறான் என்று கண்டுபிடி. ஒரு மட்டமான கோல் உள்ளே போன பிறகு அடுத்த பந்து வருவதற்குள் மனசை எப்படிச் சரிசெய்துகொள்வாய் என்று அவனுக்குச் சொல்லிக் கொடு, நீ அதில் கெட்டிக்காரன். டீ வாங்கிக் கொடுக்க வருகிற ஆட்களைப் பற்றியும் நீயே பேசிவிடு.

முட்டி வலி என்று சொல்லாதே, உன்னை யாரும் பாயச் சொல்லவில்லை. எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சீக்கிரம் சொல். தங்கச்சி மீன் வாங்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
மணியம்